மஞ்சள் என்றால் எந்த மஞ்சள்?

உங்கள் வார்டு வாசலில் புதிதாக ஒட்டியிருக்கிற வானவில் படத்தை வரும்போதே பார்த்தேன். சிவப்புக்குத் தக்காளி, ஆரஞ்சுக்குக் கேரட், பச்சைக்குக் கீரை, ஊதாவுக்குக் கத்தரிக்காய். யார் வரைந்ததோ, கை நல்ல கை. பார்த்ததும் பேனாவை எடுத்து அடியில் ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டு உள்ளே வரலாமா என்று தோன்றியது. ரிட்டையர் ஆனவளுக்கு இங்கே என்ன சோலி என்று வாட்ச்மேன் கேட்டுவிட்டால் மானம் போய்விடும் என்று பேசாமல் வந்துவிட்டேன். அது என்ன வார்த்தை என்று கடைசியில் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். பேசினால் நான் கீரையில் ஆரம்பித்து எங்கேயோ போய் நிற்பேன், அதனால் எழுதியே தருகிறேன். என்னைப் பற்றி முதலில் இரண்டு வரி. நான் பழனி அடிவாரத்துக்காரி. அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. வெல்லத்திலும் தேனிலும் வளர்ந்தவள் மலையேறி வந்து, முப்பது வருஷம் "இனிப்பைக் குறைங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லிப் பிழைத்தேன். முருகன் மேலே இருந்து சிரித்திருப்பான். பலகையில் "உணவியல் ஆலோசகர்" என்று எழுதியிருந்தார்கள். மேல்மலைக் கிராமங்களில் என் பெயர் சாப்பாட்டு டீச்சர். ஒரு சம்பவத்துக்குப் பிறகு அது கேரட்டு டீச்சர் என்று மாறியது. அந்தப் பட்டம் எனக்கு எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பெருமைப்படுகிற கதை இல்லை.

எனக்கு நிறங்கள் மேல் எப்போதும் ஒரு கிறுக்கு உண்டு. பீட்ரூட் நறுக்கினால் கை ஏன் இப்படிச் சிவக்கிறது, ஊதா முட்டைக்கோஸை வேகவைத்த தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஏன் ரோஸ் நிறமாகிறது, மலையில் கொழுந்து இலைகள் ஏன் சிவப்பாக வந்து பிறகு பச்சையாகின்றன என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். பஸ்ஸையே விட்டிருக்கிறேன். இதற்கெல்லாம் நான் படித்துப் புரிந்துகொண்ட பதில் எளிமையானது. செடிக்குக் கால் கிடையாது. வெயில் ஏறினால் நாம் நிழலுக்கு ஓடுவோம், அது நின்ற இடத்தில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். நம் மலை வெயில் குளிர்காற்றோடு வந்து ஏமாற்றும், மத்தியானம் தோலைத் தடவிப் பார்த்தால்தான் அது செய்த வேலை தெரியும். அந்த வெயில் இலைக்குள் மூட்டுகிற கலகத்தை அடக்கச் செடி செய்துகொள்கிற ஏற்பாடுகளில் ஒன்று இந்த நிறம். நம் உடம்புக்குள்ளும் மூச்சு விடுவதால், புகையால், நோயால் அதே மாதிரி கலகம் நடக்கிறது. சாப்பிடுகிற நிறம் அங்கேயும் போய்க் கொஞ்சம் சமாதானம் பேசுகிறது. ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று நீங்கள் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியது இதைத்தான்.

இதைப் பூண்டியில் சொன்னேன். பூண்டிக்குப் போகாதவர்கள் சீக்கிரம் போய்விட்டு வாருங்கள், மேல்மலையின் கோடியில் கேரட்டும் மலைப்பூண்டும் விளைகிற ஊர். கேரட் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. மூட்டைகளின் மேலும் தரையிலுமாக முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் ராக்கம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. நாற்பதைத் தாண்டிய வயது, காசநோய்க்கு மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நம் ஆஸ்பத்திரியில்தான் கண்டுபிடித்தோம், மாத்திரையும் இங்கேதான். அவளுக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டு மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு அவளுக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று மனசு துடித்தது. பேச ஏறுகிறவர்களுக்கு இந்தத் துடிப்பு ஆபத்தானது என்று அப்போது எனக்குத் தெரியாது.

செடியும் வெயிலும் பற்றி நான் அளந்து முடித்ததும் ராக்கம்மாதான் முதலில் கையைத் தூக்கினாள்.

"ஒரு சந்தேகமுங்க டீச்சர். வெயிலுக்குத்தான் கலருன்னு சொன்னீங்க. கேரட்டு மண்ணுக்குள்ளல்ல கெடக்கு? அங்கிட்டு ஏது வெயிலு?"

கொட்டகை கொல்லென்று சிரித்தது. "யாராச்சும் டார்ச் லைட்டு அடிப்பாங்க போல!" என்று பின்னால் ஒரு குரல் வேறு.

எவ்வளவு நல்ல கேள்வி! கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த எவரும் இதைக் கேட்டதில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியலையே ராக்கம்மா, படிச்சுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நாற்பது பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. ஒரு கேரட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஏதோ மேடைப் பேச்சாளர் மாதிரி அடித்துவிட்டேன்.

"அது உங்களுக்காகச் சேத்து வச்ச கலரு ராக்கம்மா! நெஞ்சுக்குள்ள இருக்குற புண்ண ஆத்தும். எம்புட்டுச் சாப்பிட்டாலும் தப்பில்ல. சும்மா கடிக்காம கொஞ்சம் நெய்யோ எண்ணெயோ சேத்துக்கங்க, அப்பத்தான் உடம்புல சேரும்."

நான் சொன்னதைப் பிரித்துப் பாருங்கள். முதல் வாக்கியம் அலங்காரம். இரண்டாவது பாதிப் பொய். கேரட்டின் நிறம் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் காசநோய்க் கிருமியை அது ஒன்றும் செய்யாது. மூன்றாவது முழுத் தப்பு. நான்காவது மட்டும் சுத்தமான உண்மை, கேரட்டின் நிறம் கொழுப்பில்தான் கரையும். ராக்கம்மா நாலையும் ஒரே மாதிரி நம்பினாள்.

ஆறு ஏழு வாரம் கழித்து, ஒரு நாள் முற்பகலில் என் செல்போன் அடித்தது. மறுமுனையில் காற்று இரைந்தது.

"டீச்சருங்களா? பூண்டி தங்கவேலுங்க. ராக்கம்மா வீட்டுக்காரன். டவருக்காக மேட்டுல ஏறி நின்னு பேசுறேன். வீட்டுல மஞ்சப் பாரிச்சுக் கெடக்குங்க. உள்ளங்கை, உள்ளங்காலு, மூக்கோரமெல்லாம் மஞ்சளாப் போச்சு. ஒண்ணுக்கும் செவேல்னு போவுது. என்னங்க செய்ய?"

காசநோய் மாத்திரை சிலருக்குக் கல்லீரலைத் தாக்கிக் காமாலையைக் கொண்டுவரும். அப்படி வந்தால் மாத்திரையை உடனே நிறுத்தி ஆளை டாக்டரிடம் கொண்டுவர வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. இது உங்களுக்கும் தெரியும். சிறுநீர் சிவப்பாகப் போவது அந்த மாத்திரையின் சாயம்தான் என்பதும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் மஞ்சள் என்ற சொல் காதில் விழுந்தவுடன் மற்றதெல்லாம் மறந்துபோனது. டாக்டரோ திண்டுக்கல்லில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. நானே சொல்லிவிட்டேன்.

"மாத்திரைய உடனே நிப்பாட்டுங்க தங்கவேலு. அவங்களக் கூட்டிக்கிட்டு வெரசா ஆஸ்பத்திரிக்குக் கெளம்பி வாங்க!"

"சரிங்..." என்றது போன். பிறகு சத்தமில்லை. நான் திரும்பக் கூப்பிட்டபோது தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. சரி, கிளம்பிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். பூண்டியிலிருந்து ஒரு கேஸ் வரும், டாக்டர் வந்ததும் சொல்லுங்கள் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, நெருக்கடியை நன்றாகச் சமாளித்த திருப்தியில் மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். மறுநாள் சித்தி மகள் கல்யாணத்துக்குப் பழனிக்கு இறங்கிவிட்டேன். கல்யாணம், மறுவீடு, அப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் ஓடிவிட்டது.

திரும்பி வந்த அன்று கேன்டீனில் நம் லேப் டெக்னீஷியன் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார். அவர் பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். என் வேலையில் எனக்குக் குரு என்று யாராவது உண்டென்றால் அவர்தான்.

"பூண்டி ராக்கம்மாவுக்கு ரத்தம் எப்படி வந்துச்சு?" என்று சும்மா கேட்டேன்.

"எந்த ராக்கம்மா மேடம்?"

"ஒன்பது நாளைக்கு முன்னாடி வந்திருப்பாங்களே. காமாலை கேஸ்."

"அப்படி யாரும் வரலையே." அவர் எழுந்து போய்ப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு வந்தார். இல்லை. நர்ஸிடம் கேட்டால், வருவார்கள் வருவார்கள் என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு, வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள் என்று விட்டுவிட்டதாகச் சொன்னாள். எனக்கு டீ கசந்துபோனது.

"காமாலைன்னு யாரு மேடம் சொன்னது?"

"அவ புருஷன். உடம்பு மஞ்சளா இருக்குன்னாரு."

"மஞ்சள்னா எந்த மஞ்சள்?"

"இதென்ன கேள்வி? மஞ்சள்னா மஞ்சள்தான்!"

"கண்ணு?"

அதை நான் கேட்கவே இல்லை. தங்கவேலு உள்ளங்கை சொன்னார், உள்ளங்கால் சொன்னார், மூக்கோரம் சொன்னார். கண்ணைச் சொல்லவில்லை. காமாலை முதலில் குடியேறுவதே கண்ணில்தான், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நம் ஊர்ப் பேச்சில் ஆரஞ்சு என்பது பழத்தின் பெயர், நிறத்துக்கு நாம் அப்படி ஒரு பெயரைப் புழங்குவதில்லை. எலுமிச்சையும் மஞ்சள், காமாலையும் மஞ்சள், கேரட்டும் மஞ்சள். போனில் வந்தது அந்த ஒரு சொல். நான் எனக்குத் தெரிந்த, எனக்குப் பயமான மஞ்சளை எடுத்துக்கொண்டேன். "எம்புட்டுச் சாப்பிட்டாலும் தப்பில்ல" என்று கொட்டகையில் என் குரல் கேட்டது.

கேரட்டை அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் அந்த நிறம் தோலில் போய்த் தங்கும். கையும் காலும் மஞ்சளாகும், கண் வெள்ளையாகவே இருக்கும். ஒரு கெடுதலும் இல்லை, கேரட்டைக் குறைத்தால் சில வாரங்களில் இறங்கிவிடும். அது கேரட் மஞ்சளாக இருந்தால் ராக்கம்மா ஒன்பது நாளாகக் காரணமே இல்லாமல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள், உள்ளே கிருமி மறுபடி தலை தூக்கும், மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம். உண்மையான காமாலையாக இருந்தால் ஒன்பது நாளாக வைத்தியம் இல்லாமல் கிடக்கிறாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் என் வாய்தான் காரணம்.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "போய்ப் பார்த்து, ஆளைக் கூட்டிட்டு வாங்க. நான் பார்க்கிறவரைக்கும் எந்த மாத்திரையும் கொடுக்காதீங்க" என்றார். மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் நானும் லேப்காரரும் கிளம்பினோம்.

ராக்கம்மா வீட்டுக்குள் சுவரோரமாகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். மாத்திரையில் நின்றிருந்த இருமல் திரும்பியிருந்தது. காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது என்று யாரோ சொல்லி, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் வைத்திருந்தார்கள். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, புளி இல்லை.

"ஏங்க, நான் கெளம்பி வாங்கன்னு சொன்னேனே?" என்றேன் தங்கவேலுவிடம். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

"இல்லீங்களே. மாத்திரைய நிப்பாட்டுங்கன்னீங்க. அத்தோட லைனு கட்டாயிருச்சு. சரிங்கன்னு சொல்லிட்டு வந்து அன்னைக்கே நிப்பாட்டிட்டோம்." அவர் முகத்தில் சொன்னபடி செய்தவரின் நிம்மதி. "ஆனா நிப்பாட்டியும் மஞ்ச எறங்கலைங்க. பத்தியத்துல எல்லாத்தையும் விட்டுட்டா. கேரட்டு மட்டும் விடல. அதுதான் நீங்க சொன்ன மருந்தாச்சே."

வாசலில் கோணல் கேரட், உடைந்த கேரட், சந்தைக்கு ஆகாத கேரட் எல்லாம் சாக்கு மூடிக் குவிந்து கிடந்தது. விதை போட்டவளுக்கு அதில் என்ன குறை? காலையில் துருவி நெய்யில் வதக்கி, மதியம் பொரியல், சாயங்காலம் அரைத்துப் பாலில். ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்குக் குறையாது என்று அவளே சொன்னாள். பத்தியம் வைத்த பிறகு நெய்யை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

அவளை மெல்ல எழுப்பி வெளியே வெளிச்சத்துக்குக் கூட்டி வந்தோம். லேப்காரர் இமையை இழுத்துப் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். வெண்விழி உரித்த பூண்டுப் பல் மாதிரி வெள்ளையாக இருந்தது. உள்ளங்கையைத் திருப்பினேன். கேரட் நிறம் அப்படியே பூசினது போல் இருந்தது.

அப்போது லேப்காரர் திரும்பி, "அண்ணே, உங்க கையக் காட்டுங்க" என்றார்.

தங்கவேலு ஒன்றும் புரியாமல் காட்டினார். காப்புக் காய்த்த கை, மண்ணேறிய ரேகை. கழுவிக்கொண்டு வரச் சொன்னோம். ராக்கம்மா கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவளுடையது அளவுக்கு இல்லை, ஆனால் அதே மஞ்சள்.

"ஆத்தாடி, எனக்குமா காமாலை!" என்று அந்த மனுஷன் திண்டாடிப் போனார்.

"நீங்க காசநோய் மாத்திரை சாப்புடுறீங்களா?" என்றார் லேப்காரர்.

"நான் எதுக்குங்க சாப்புடப் போறேன்? அவ வடிச்சுப் போடுறதத்தான சாப்புடுறேன்."

மாத்திரையைத் தொடாத ஆளுக்கும் அதே மஞ்சள். பிள்ளைகளே, அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சின்ன வயதில் விடுகதைக்கு விடை கிடைத்தால் குதிப்போமே, அது மாதிரி. அதைவிட முக்கியமானது அடுத்து வந்த ஆசை. "காமாலை இல்லை, இப்பவே மாத்திரையை எடு, முழுங்கு" என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முன்பும் இதே மாதிரிதான், நன்றாகத் தெரிந்தது போல இருந்ததால் சொன்னேன். இரண்டு மஞ்சளும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம், அதுவும் நடக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ராக்கம்மா, கெளம்புங்க. ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்துட்டு வந்துருவோம்."

அவள் அசையவில்லை. "நான் வரலைங்க."

"ஏன்?"

"ஒருக்கா சாப்புடுன்னீங்க, சாப்புட்டேன். ஒருக்கா நிப்பாட்டுன்னீங்க, நிப்பாட்டுனேன். இப்ப வாங்கன்னு சொல்றீங்க. இன்னும் என்னென்ன சொல்லுவீங்களோ. எத நம்ப டீச்சர்?"

அக்கம்பக்கத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். என் மானத்தை அன்று காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்தேன், அதை அதே ஆட்கள் முன்னால் இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

"மண்ணுக்குள்ள ஏது வெயிலுன்னு கேட்டீங்கள்ல ராக்கம்மா? எனக்கு அது தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வாயில வந்ததச் சொன்னேன். நெஞ்சுப் புண்ண கேரட்டு ஆத்தாது, மாத்திரைதான் ஆத்தும். எம்புட்டுச் சாப்பிட்டாலும் தப்பில்லன்னதும் தப்பு. போன்ல கண்ணக் கேக்காம நிப்பாட்டச் சொன்னதும், நீங்க வந்தீங்களான்னு பாக்காமப் போனதும் என் தப்பு. இது காமாலை இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா எனக்குத் தோணுறத வச்சு இனிமே உங்களுக்கு எதையும் சொல்ல மாட்டேன். ரத்தம் சொல்லட்டும்."

சொல்லும்போது அழுதுவிட்டேன். அழுகை வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

தங்கவேலு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னமோங்க, கலரப் பாத்தாலே பயமா இருக்கு" என்றார்.

ராக்கம்மா என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். "பூண்டு ஊறுகாயில எலுமிச்சம்பழம் புழிஞ்சா ஒரோரு வாட்டி பச்சையாப் பூத்துப் போவும்ல? கலரு மாறிருச்சுன்னு ஜாடியோடயா கொட்டுனோம்? மோந்து பாத்து, ருசி பாத்துத்தான சொன்னோம் கெட்டுச்சா கெடலையான்னு?" கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "ஜீப்பு வரச் சொல்லுங்க. என்னான்னு பாத்துட்டு வந்துருவோம்."

அவளுடைய புத்தியை என்னவென்று சொல்ல! நான் வருஷக்கணக்காகத் தேடின உதாரணத்தை அவள் ஊறுகாய் ஜாடியிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டாள்.

காய்கறி ஏற்றுகிற ஜீப்பில் முன் இருக்கையில் அவளை உட்காரவைத்துக் கூட்டி வந்தோம். ரத்தம் எடுத்து, குழாயைச் சுழலியில் வைத்துச் சுற்றி, நீர் தெளிந்த பிறகு லேப்காரர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேலே நின்ற நீர் மாம்பழச் சாறு மாதிரி கொழுத்த மஞ்சளாக இருந்தது. அவ்வளவுதான், கல்லீரல் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் கலரப் பாத்தே முடிவு பண்றீங்களா மேடம்? மெஷின் சொல்லட்டும்" என்றார். முக்கால் மணி நேரம் லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ராக்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நியாயமாக நான்தான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும்.

காமாலையைக் காட்டுகிற பித்தத்தின் அளவும் கல்லீரல் அளவுகளும் எல்லாமே சரியாக இருந்தன. குழாயில் தெரிந்ததும் கேரட்டுதான்.

டாக்டர் அன்றே மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார். விட்ட நாட்களைச் சேர்த்து முடிக்க வேண்டும் என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நிப்பாட்டச் சொன்னது தப்பில்லை. நிஜக் காமாலையா இருந்திருந்தா அதுதான் உயிரைக் காப்பாத்தியிருக்கும். வந்தாங்களான்னு பாக்காம விட்டதுதான் தப்பு" என்றார். ஆனாலும் அந்தப் பத்து நாளில் கிருமி உள்ளே என்ன செய்ததோ என்பதற்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. அடுத்த சளிப் பரிசோதனை வரும்வரை எனக்குச் சரியான தூக்கமில்லை. சளி சுத்தம் என்று லேப்காரர் சீட்டை என் மேஜையில் வைத்தபோது பகல் பதினொரு மணி, வார்டு முழுக்கச் சாம்பார் வாசனை. முழு வைத்தியமும் முடிந்து கடைசிப் பரிசோதனையும் அப்படியே வந்தது. இளைத்த உடம்பு தேறுவதற்குள் அந்த வருஷம் பூண்டு நடவுக்கு அவளால் குனிய முடியவில்லை. அதற்கும் நான்தான் காரணம்.

அதற்குப் பிறகு போனில் பேசும்போது நான் வாக்கியத்தை மாற்றிக்கொண்டேன். முதலில் "வாங்க", பிறகுதான் "நிப்பாட்டுங்க". நம் மலையில் எந்த வாக்கியம் எங்கே அறுபடும் என்று தெரியாது, பாதி போய்ச் சேர்ந்தாலும் அந்தப் பாதி ஆளைக் காப்பாற்றுகிற பாதியாக இருக்கட்டும். அவர்களையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இப்போது போட்டோ அனுப்புகிறார்கள், நல்ல வசதிதான். ஆனால் குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் நானும் நீங்களும்கூட மஞ்சள்தான். பகலில் வெளியே வந்து கண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

மண்ணுக்குள் ஏது வெயில் என்ற கேள்விக்கும் விடை தேடினேன். காட்டில் தானாக முளைத்த கேரட்டின் வேர் வெளுப்பாகத்தான் இருக்குமாம். பயிர் செய்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து நிறமுள்ளதைப் பொறுக்கி விதைக்கு விட்டதில் வந்ததுதான் இந்த நிறம். ராக்கம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அப்படிச் சொல்லுங்க! எங்கள மாதிரி ஆளுதான் பெயின்டு அடிச்சிருக்கான்" என்று அவளுக்கு ஒரே பெருமை. படிக்கப்போன இடத்தில் வேறொன்றும் கண்ணில் பட்டது. அந்த நிறத்தையே பிரித்தெடுத்து அதிக அளவில் மாத்திரையாக்கிப் புகைபிடிப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, நன்மைக்குப் பதில் நுரையீரலுக்குக் கெடுதல்தான் கூடியதாம். தட்டில் இருக்கும்போது நல்லவனாக இருக்கிற ஆள் டப்பாவுக்குள் போனால் ஏன் மாறுகிறான் என்பது எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. தெரியாது என்று இப்போது வெட்கமில்லாமல் சொல்கிறேன், நீங்கள் படித்துச் சொல்லுங்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் பூண்டிக்குக் கடைசியாகப் பேசப் போனேன். அதே கொட்டகை. ராக்கம்மா முன் வரிசையில் இருந்தாள், முந்தானை தோளில் கிடந்தது, இரண்டு பக்கமும் பெண்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் பீட்ரூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு ருசியில் எனக்குப் பழைய பித்து ஏறிவிட்டது. "இந்தச் சிவப்பு இருக்கே, ரத்தக் குழாய்க்கு அவ்வளவு நல்லது..." என்று பீட்ரூட்டைத் தலைக்கு மேலே தூக்கினேன்.

ராக்கம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து எனக்கு நேராகக் காட்டினாள். மண் வேலை செய்த, வெளுத்த, சாதாரணக் கைகள். தூக்கிய கையோடு நான் நின்றுவிட்டேன்.

"எம்புட்டு, டீச்சர்?" என்றாள்.

உங்கள் வானவில் படத்துக்கு அடியில் அந்த ஒரு வார்த்தையைத்தான் எழுத நினைத்தேன். கேள்விக்குறியோடு பெரிதாக எழுதிவிடுங்கள்.